ஆளுக்கு என்னாச்சு?

இன்று காலை கழுவும் தொட்டியின் பக்கத்தில் ஒரு சோடா பாட்டில் என் கையிலிருந்து நழுவி உடைந்தது. உள்ளிருந்த கோலி சிமெண்டுத் தரையில் உருண்டு, நீ நின்று மிஷின் சுற்றிய மூலையில் போய் நின்றது. அந்தச் சத்தம்தான் இதை எழுத வைக்கிறது. நீ செத்து ஒன்றரை வருஷம் ஆகிறது.

நேரமே வந்துவிட்டதால் நம் சோடா கம்பெனியில் வேறு யாரும் இல்லை. கட்டைவிரலில் ரத்தம். துண்டைச் சுற்றிக்கொண்டேன். உடைந்த கண்ணாடியைச் செருப்புக் காலால் தொட்டிக்கு அடியில் தள்ளிவிட்டேன். தள்ளிய பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

அந்த எண்ணெய் மில் உனக்கு ஞாபகம் இருக்கும். கடலைக்காய் மூட்டை சுமந்துகொண்டிருந்தோம். நம்மோடு சுமந்த கருப்பனின் கை மிஷின் பெல்ட்டில் மாட்டிய அன்று முதலாளி வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்தார். "பெல்ட்டு அறுந்துருச்சா?" என்றுதான் கேட்டார். கருப்பன் அவர் காலடியில் கிடந்தான். தண்ணீர் கேட்டான். மில்லின் செம்பை அவன் வாயில் வைக்கக் கூடாதென்று கொட்டாங்குச்சி தேடிப் போனார்கள். நீ உன் இரண்டு கைகளையும் குவித்துத் தண்ணீர் ஏந்தினாய். அன்று சாயங்காலமே இருவரும் வெளியேறினோம். பெருமாட்டி வரை நடந்தே வந்தோம். வழியெல்லாம் நான் முதலாளியைத் திட்டிக்கொண்டு வந்தேன். நீ ஒன்றே ஒன்று சொன்னாய். "திட்டுறது கெடக்கட்டும் மாப்ளே. நாம ஒண்ணு ஆரம்பிச்சா, மொதல்ல ஆளைக் கேக்கோணும்."

உன் அம்மாவின் எருமையும் என் சைக்கிளும் போய் ஒரு பழைய சோடா மிஷின் வந்தது. மீனாட்சிபுரம் சந்தை வழியில் ஓட்டுக் கொட்டகை. பாட்டில் கழுவ நான்கு பெண்கள். எல்லோருக்கும் ஒரே பானை, ஒரே டம்ளர். அதற்காகவே சில கடைக்காரர்கள் நம் சோடாவை வாங்கவில்லை. வாங்காதவன் தாகத்தோடு போகட்டும் என்றேன். நீ சிரித்தாய்.

பிறகு உன் வழக்கம் வந்தது. பாட்டிலை உடைத்தவர் "நான்தான்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். கீறல் விட்ட பாட்டிலைப் பார்த்தவர் "கீறல்" என்று சொல்ல வேண்டும். எல்லோரும் கைவேலையை நிறுத்தி, "ஆளுக்கு என்னாச்சு?" என்று கேட்க வேண்டும். பதில் வந்த பிறகுதான் பாட்டில் பக்கம் திரும்பலாம். கீறல் பாட்டிலில் கேஸ் ஏற்றினால் வெடிக்கும். மறைத்தால் யாரோ ஒருவர் மேல் வெடிக்கும்.

"ஏனுங்க தம்பி, ஒடைச்சுப்போட்டு ஊருக்கே கேக்கறாப்ல கத்தோணுமா? இதென்ன கூத்து?" என்றாள் கழுவுகிறவர்களில் மூத்தவளான பொன்னாத்தாள்.

"கத்துனா கூட்டி வாரிப்போடலாமுங்க்கா. கமுக்கமா இருந்தா கால்ல ஏறும்" என்றாய் நீ.

ஒரு மாதத்தில் அவள் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது. "நான்தான்!" என்பாள். "ஆளுக்கு என்னாச்சு?" என்று கேட்டால், "ஆளுக்கு ஒண்ணுமில்ல, கொழுப்புத்தான்!" என்பாள். கொட்டகையே சிரிக்கும். அப்படிச் சிரிப்பு கேட்ட வேலையிடத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதைக் கெடுத்தவன் நான். மாரியம்மன் நோம்பி வந்தது. வடகரப்பதி வரைக்கும் சோடா கேட்டிருந்தார்கள். வண்டி வாசலில் நிற்க, பொன்னாத்தாள் ஒரே காலையில் நான்காவது முறையாகக் "கீறல்" என்றாள். எல்லோர் கையும் நின்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கண்ணு வெச்சுக் கழுவறயா, பொடனி வெச்சுக் கழுவறயா? நோம்பி முடியட்டும், அப்பறம் கத்து!" என்றேன். நாம் அக்கா என்று கூப்பிடுகிற அவளை நீ பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். "அக்கா கத்துறத நம்பித்தான் நான் மிஷின்கிட்ட நிக்கறேன் மாப்ளே" என்று மெல்லச் சொன்னாய். நான் வண்டிக்காரனிடம் பேசப் போய்விட்டேன்.

அதன்பின் யாரும் கத்தவில்லை. வேலை வேகமாக நடந்தது. அந்த அமைதியைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன். மில் முதலாளிக்கும் அந்த அமைதிதான் பிடிக்கும்.

மூன்றாம் நாள் மிஷினில் ஒரு பாட்டில் வெடித்தது. வாசலிலிருந்து ஓடி வந்தேன். "எத்தனை பாட்டில் போச்சு?" என்று கேட்டேன். என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். நீ இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. "ஆளைக் கேளுடா மாப்ளே" என்றாய். திட்டியிருக்கலாம். ஞாபகப்படுத்துகிறவன் போலச் சொன்னாய்.

பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தாய். தினமும் வந்தேன். வண்டி, கேஸ், கலர் எசென்ஸ் என்று எல்லாவற்றையும் பேசினேன். அன்று பொன்னாத்தாளின் வாயை அடைத்ததை மட்டும் பேசவில்லை. ஜுரம் ஏறிய அன்று, "இன்னும் கீறல் சொல்றாங்களா?" என்று கேட்டாய்.

"சொல்றாங்க" என்றேன்.

பொய். நீ கடைசியாக என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் பொய். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

உன் சாவுக்குப் பிறகு கம்பி வலை முகமூடி வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டுதான் இப்போது மிஷின் சுற்றுகிறார்கள். பொன்னாத்தாள் என்னைத் தம்பி என்று கூப்பிடுவதில்லை, மொதலாளி என்கிறாள். நான் வண்டி ஏற்ற வெளியே போனால் மட்டும் உள்ளே "கீறல்" என்று குரல் கேட்கும். "ஆளுக்கு என்னாச்சு?" என்று மூன்று குரல்கள் கேட்கும். நான் நுழைந்ததும் நின்றுவிடும். அதனால் தினமும் பாட்டிலைக் கழுவி வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற நேரத்தில் வெளியே போய் நிற்கிறேன். உன் வழக்கம் பிழைத்திருக்க என்னால் முடிந்தது அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

இன்று அவர்கள் வந்த பிறகு கதவருகே நின்று, "நான்தான். காலையில ஒண்ணு ஒடைச்சுட்டேன்" என்றேன். துண்டு சுற்றிய கை எல்லோருக்கும் தெரியும்படிதான் இருந்தது. எல்லோர் கையும் நின்றது. "ஆளுக்கு என்னாச்சு?" என்று யாரும் கேட்கவில்லை. பிறகு பொன்னாத்தாள், "கண்ணாடி எங்க கெடக்குதுன்னு சொல்லுங்க மொதலாளி, கூட்டோணும்" என்றாள்.

தொட்டிக்கு அடியில் என்று காட்டினேன். சீமாறை எடுத்துக்கொண்டு அவள் குனிந்தாள். எங்கோ ஒரு சில்லு தரையில் உரசியது.

"அக்கா, ஆளுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டேன்.

அவள் நிமிரவில்லை. கூட்டிக்கொண்டே இருந்தாள். நாளைக்கும் கேட்பேன்.