நாளை தண்ணீர் வராது

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

நலமா? அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உன் அண்ணனும் நானும் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்த பிறகும் நீ என்னை அண்ணி என்றே எழுதுகிறாய். அந்தத் தைரியத்தில் ஓர் உதவி கேட்கிறேன்.

எங்கள் பத்திரிகையை அச்சடிப்பதை நிறுத்திவிட்டார்கள். இனி எல்லாம் இணையதளம்தான். என்னையும் அங்கே மாற்றி, ஆறு மாதம் பார்ப்போம் என்கிறார்கள். சுவரில் ஒரு பெரிய திரை. யார் செய்தியை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று அதில் ஓடிக்கொண்டே இருக்கும். நேற்று எனக்கு நான்கு பேர் என்று காட்டியது. அதில் மூன்று நானேதான். பிழை பார்க்கத் திறந்திருந்தேன்.

ஆசிரியருக்கு என் தம்பி வயதுதான் இருக்கும். "மேடம், திறந்த உடனே மூடிட்டுப் போயிடறாங்க" என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்தச் சம்பளத்தில்தான் என் வாடகையும் சோறும். யாரிடமும் கையேந்த மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவள் நான்.

மெத்தையையும் தலையணையையும் இணையத்தில் எழுதியே விற்கிறவள் நீ. எனக்கும் சொல்லித் தா. போன் வேண்டாம். அத்தை காதில் விழுந்தால் உனக்குத்தான் வம்பு.

உன் அண்ணி

மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

அம்மா காலைப் பிடித்துக்கொண்டு வீட்டையே அதட்டுகிறார். அதனால் நலம் என்றுதான் சொல்லவேண்டும்.

உங்கள் செய்திகளை எல்லாம் படித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், எதைச் சொல்ல வந்தீர்களோ அது நாலாவது பத்தியில் ஒளிந்துகொண்டிருக்கிறது. உங்கள் வாசகர் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் படிப்பவர். அவருக்கு அதுவரை பொறுமை இருக்காது. வீட்டுக்குள் நுழைந்ததும் பையை இறக்கி வைக்கும் முன்பே என்ன சொல்வீர்களோ, அதுதான் முதல் வரி.

அப்புறம், "குடிநீர் விநியோகம் தற்காலிகமாக நிறுத்தம்" என்று யாரும் தேட மாட்டார்கள். "ஏன் தண்ணி வரல" என்றுதான் தேடுவார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதுங்கள். தலைப்பில் ஆசை காட்டிவிட்டு உள்ளே வெறும் தட்டை மட்டும் வைக்காதீர்கள். நான் ஒருமுறை "முதுகு வலிக்கு முற்றுப்புள்ளி" என்று எழுதியதில், திரும்பி வந்த மெத்தைகளால் எங்கள் கிடங்கே நிரம்பிவிட்டது.

எழுதியதை எனக்கு அனுப்புங்கள். கத்தரிக்கோலோடு காத்திருக்கிறேன்.

வாயாடி

ஜூன் 20

அன்புள்ள வாயாடிக்கு,

நீ வெட்டி வெட்டிக் கொடுத்ததில் மூன்று மாதமாகத் திரையில் என் பெயர் மேலே ஏறிக்கொண்டே போனது. இப்போது அதற்கும் கண் பட்டுவிட்டது.

குழாய் மாற்றும் வேலைக்காக மே மாதத்தில் ஒருநாள் தண்ணீர் நின்றது நினைவிருக்கிறதா? "நாளை தண்ணீர் வராது: எந்தெந்தத் தெருக்கள்?" என்று எழுதினேன். ஊரே படித்தது. போன வாரம் யாரோ அந்தத் தலைப்பை மட்டும் படம் பிடித்து மறுபடி பரப்பிவிட்டார்கள். முடி திருத்துபவர் கடையைப் பூட்டிவிட்டார். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. வீட்டுக்கு வீடு வாளி, அண்டா, குழந்தை குளிக்கும் தொட்டி வரை நிரப்பினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பிடித்ததால் கடைசி மூன்று தெருக்களுக்கு நிஜமாகவே தண்ணீர் வரவில்லை. நான் எழுதிய பழைய செய்தி புதிதாகப் பலித்துவிட்டது.

"நாளைன்னா என்னைக்கு மேடம்?" என்று ஆசிரியர் கேட்டார். அச்சில் எழுதிய "நாளை" அடுத்த நாளே பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். இங்கே அது போகவே மாட்டேன் என்கிறது. ஆறு மாதம் முடியும் முன்பே, வெள்ளிக்கிழமை என்னைப் பற்றி நிர்வாகம் முடிவு செய்கிறது. சோறு இறங்கவில்லை.

உன் அண்ணி

ஜூன் 22

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் சாப்பிடுங்கள். அந்தச் செய்தியை நீக்காதீர்கள். நீக்கினால் ஏதோ மறைப்பதாகத்தான் நினைப்பார்கள். அதே பக்கத்தில் மேலே தேதி போட்டு, "இது மே மாதச் செய்தி, இன்று தண்ணீர் வரும்" என்று எழுதுங்கள். கடைசித் தெருக்களுக்கு ஏன் வரவில்லை என்பதையும் கேட்டு எழுதுங்கள். இன்னும் ஒரு வாரத்துக்கு எல்லோரும் அதைத்தான் தேடுவார்கள். தவறு உங்களுடையது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். வேறு யாராவது சொன்னால் இரண்டு மடங்காகச் சொல்வார்கள்.

இங்கே மழை. எங்கள் அலுவலகத்தில் புது நாற்காலிகள் வாங்கியிருக்கிறார்கள். உட்கார்ந்தால் முனகுகின்றன.

அண்ணனுக்கு அடுத்த மாதம் பதிவுத் திருமணம். இனி உங்களை அண்ணி என்று கூப்பிடக்கூடாதாம், எழுதவும் கூடாதாம். அம்மா சொல்கிறார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

வாயாடி

ஜூலை 2

அன்புள்ள வாயாடிக்கு,

கல்யாணத்துக்குப் போய் வா. நல்ல புடவையாகக் கட்டிக்கொள்.

முக்கியமானதை முதல் வரியில் சொல் என்று எனக்குப் பாடம் எடுத்தவள், முனகும் நாற்காலியை முன்னால் போட்டுக் கல்யாணத்தைப் பின்னால் வைத்திருக்கிறாய். படித்ததும் வலித்தது. அலுவலகப் படிக்கட்டில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து வந்து உன் பேச்சைக் கேட்டு அந்தப் பக்கத்தைத் திருத்தினேன். "உங்களை வாளி தூக்க வைத்தவள் நான்தான்" என்று ஆரம்பித்தேன். திட்டத்தான் வருவார்கள் என்று பார்த்தால், கடைசித் தெருக்காரர்களே தங்கள் குழாய்களைப் படம் பிடித்து அனுப்பினார்கள். அங்கே குழாய் குறுகியிருப்பதை அப்படித்தான் கண்டுபிடித்தோம். வேலை நிரந்தரமாகிவிட்டது.

இந்தச் சோறு நீ போட்டது. பிரிந்தபோது எல்லோரும் அவரவர் பக்கம் பார்த்து நின்றார்கள். நீ யார் பக்கம் என்று கேட்கவே எனக்குப் பயம். கேட்காமலே நின்றாய். உனக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை, அதனால் நன்றி என்றே சொல்கிறேன்.

அண்ணி என்று இனி வரப்போகிறவளைக் கூப்பிடு. நான் அந்த வீட்டுக்கு வந்த முதல் நாள், யாரிடம் பேசுவது என்று தெரியாமல் நின்றபோது நீதான் அப்படிக் கூப்பிட்டாய். அவளும் அப்படித்தான் நிற்பாள். எனக்கு எழுதினால் அத்தையோடு சண்டை வரும் என்றால் எழுதவேண்டாம். உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அன்புடன்,
நான்தான்

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

யாருக்கு எழுதுகிறாய் என்று அம்மா கேட்டார். அக்காவுக்கு என்றேன்.

"உனக்கு ஏதுடி அக்கா?"

நான் எழுதிக்கொண்டே இருந்தேன். அம்மா முழங்காலுக்குத் தைலம் தடவி முடித்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "வேலை நிலைச்சுதாமா அவளுக்கு?" என்று கேட்டார்.

நிலைத்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் தங்கை