பெயிண்ட் இல்லாத பிரஷ்

அண்ணா,

உன் சேனலில் ஒரு வீடியோ விடாமல் பார்த்துத்தான் நான் வரையவே கற்றுக்கொண்டேன். உன் ஃபேன் பேஜையும் நான்தான் நடத்துகிறேன். அதனால்தான் உனக்குச் சொல்லாமல், சர்ப்ரைஸாக, உன் ஊருக்கு அரை நாள் டூர் வந்தேன். ஆற்றங்கரை முழுக்க ஓவியர்கள். செம ஊர்!

கைடு எங்களை உன் ஸ்டூடியோவுக்குள் கூட்டிவந்தார். "சாருக்கு அம்மா, அப்பா, கூடப்பிறந்தவங்க யாருமே இல்ல. இந்த ஆறுதான் அவரை வளர்த்துச்சு" என்றார். என் பக்கத்தில் நின்ற ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீ வரைந்துகொண்டே தலையாட்டினாய்.

நான் லூசு மாதிரி "அண்ணா!" என்று கத்திவிட்டேன். நீ திரும்பிப் பார்த்தாய். நன்றாகவே பார்த்தாய்.

"ஃபேன்ஸ் எல்லாருமே என்னை அண்ணான்னுதான் கூப்பிடுவாங்க."

மொத்தக் கூட்டமும் சிரித்தது.

சரி, ஃபேனாகவே ஒரு சந்தேகம் கேட்டேன். "சார், பிரஷ்ல பெயிண்டே இல்லையே? காஞ்ச பிரஷ்ஷால எதை வரையறீங்க?"

கைடு தடுப்பதற்குள் ஆன்ட்டி கேன்வாஸைத் தடவிவிட்டார். விரலில் ஒரு பொட்டு நிறம் ஒட்டவில்லை. "என்னைக்கோ முடிச்சதை வச்சுக்கிட்டு எங்களுக்குப் படம் காட்டுறியா தம்பி?"

அப்போது உன் முகம் போன போக்கை வீடியோ எடுத்து உன் ஃபேன் பேஜிலேயே போட்டிருக்கிறேன். பிய்த்துக்கொண்டு ஓடுகிறது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஓடிவந்து கேட்டார்: "பாத்தியாடி? இளைச்சுட்டானா?"

"அங்க நம்மாளு யாருமே இல்லம்மா" என்றேன்.

நீ யாரென்று இனி அம்மாவிடம் நீயே சொல்லிக்கொள்.

இப்படிக்கு,
டூர் பஸ்ஸில் வந்தவள்