தம்பி மகளுக்கு மாலத்தீவு வேலை

ஆகஸ்ட் 2, சனி

காலை எட்டுக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கரையான்சாவடியில் ஒரு போர்வெல் மோட்டார் தூக்க வேண்டும். பருத்திப்பட்டில் இரண்டு சம்ப் தொட்டி கழுவ வேண்டும். கயிறு பழசு, புதிது வாங்க வேண்டும். சுகர் மாத்திரை தீர்ந்தது.

மொட்டை மாடிக்குப் போனால் கொடியில் தலையில்லாத ஆள் ஒருவன் தொங்குகிறான். கிட்டப் போய்ப் பார்த்தால் தம்பி மகள் பிரின்சியின் ரப்பர் உடுப்பு. கடலில் முங்கும்போது போடுவது. அதை அலச நம் டேங்க் தண்ணீர் நான்கு பக்கெட்.

தம்பி அந்தோணி கீழ் வீடு, நான் மாடி வீடு. அவன் மகளுக்கு மாலத்தீவில் ஒரு பெரிய ஓட்டலில் வேலை கிடைத்திருக்கிறது. ஸ்கூபா டீச்சர். வெள்ளைக்காரர்களைக் கடலுக்குள் கூட்டிப்போய் மீன் காட்டுகிற வேலை. ஐ.டி. வேலையை விட்டுவிட்டு அந்தமானில் எட்டு மாதம் படித்தாள். ஒன்றரை வருடமாக இந்த வீட்டிலிருந்துதான் முகப்பேர் நீச்சல் குளத்துக்குப் போய்ச் சொல்லித் தருகிறாள். இப்போது மாலத்தீவு.

இதில் என்ன இருக்கிறது? திருநின்றவூரில் நாற்பதடிக் கிணற்றில் மூச்சடக்கி, நான்கு நிமிடம் உள்ளேயே இருந்து, மோட்டார் கழற்றியவன் நான். (முப்பதடி. எழுதியாயிற்று, நாற்பதே இருக்கட்டும்.) ஆக்ஸிஜன் சிலிண்டரை முதுகில் கட்டிவிட்டால் எவனும் முங்குவான். இதை அவளிடமே சொன்னேன்.

"அது ஆக்ஸிஜன் இல்ல பெரிப்பா. நாம மூச்சு விடுற அதே காத்துதான்."

வெறும் காற்றுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்!

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்ததும் சாமியார் மைக்கில் அறிவிப்பு. நம் பங்குப் பெண் கடல் கடந்து போகிறாளாம், எல்லோரும் செபிக்க வேண்டுமாம். கைதட்டல். அந்தோணி எழுந்து நின்று கும்பிடுகிறான், என்னமோ இவன்தான் முங்கப்போகிற மாதிரி. சட்டையும் புதுசு.

கோயில் மோட்டாரை ஒன்பது வருடமாகப் பார்ப்பவன் யார்? ஒரு தடவை என் பெயர் மைக்கில் வந்திருக்கிறதா? போன ஈஸ்டருக்குத் தண்ணீர் வராமல் போனபோது வந்தது. அது கணக்கில் சேராது.

கீழ் வீட்டு ஃபிரிட்ஜில் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். மாலத்தீவில் வேலை அனுமதி வாங்க ஓட்டல்காரன் கேட்டவை:

— பாஸ்போர்ட் நகல்
— டீச்சர் கார்டு (இருக்கிறது. போட்டோவில் பல்லெல்லாம் தெரிகிறது)
— டாக்டர் சான்று: காது, நுரையீரல், நெஞ்சு
— முங்கின நோட்டு. ஒவ்வொரு முங்கலுக்கும் தேதி, ஆழம், கையெழுத்து. (எனக்கு இப்படி எழுதி வைத்திருந்தால் மூட்டை கட்டித்தான் தூக்க வேண்டும்)
— போலீஸ் சான்றிதழ், பாஸ்போர்ட் ஆபீஸ் வழியாக வருவது. ஒரு வருடமாக இதே விலாசத்தில் இருக்கிறாள், கேஸ் எதுவும் இல்லை என்று

கடைசியைத் தவிர எல்லாவற்றுக்கும் பச்சை டிக். எல்லாம் 25-க்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த இடம் கோவாக்காரன் ஒருவனுக்கு.

நம் மகன் வில்சன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆறு வருடமாக அதே மிஷின். நல்ல பையன். அவன் பெயரில் ஃபிரிட்ஜில் ஒட்ட ஒரு காகிதம் கிடையாது.

ஆகஸ்ட் 6, புதன்

புழுக்கம். சாயங்காலம் மழை வரும் போலிருந்து வரவில்லை.

பதினொரு மணிக்கு போலீஸ்காரர் வந்தார். பிரின்சி சான்றிதழ் விசாரணை. கீழ் வீடு பூட்டு. அவள் குளத்தில், போன் எடுக்கவில்லை. அந்தோணி ஃபேக்டரியில், அவன் பெண்டாட்டி மார்க்கெட்டில். நான்தான் மாடிக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். என் பெண்டாட்டி ஸ்டெல்லா டீ போட்டாள்.

பத்து நிமிடம் பிரின்சி, பிரின்சி, பிரின்சி. என்ன படித்தாள், எங்கே வேலை, எத்தனை அடி முங்குவாள். "எங்க வீட்டுப் பசங்களும் இருக்குதுங்களே" என்று அவருக்கு ஒரு பெருமூச்சு வேறு. என் டீ, என் நாற்காலி, என் ஃபேன் காற்று. என் பெயரைக் கேட்கவில்லை.

"பொண்ணு இங்கதான் குடியிருக்குதா?" என்று கேட்டார்.

"இங்க எங்க சார் கீது? ஊட்டுக்கே விருந்தாளி கணக்காதான் வரும். அந்தமான், சிலோன், தாய்லாந்து... வருசத்துல பத்து மாசம் ஃபாரின் கடல்லதான். அல்லாம் நான் கத்துக் குடுத்த நீச்சல்."

"மாலத்தீவுக்கு முன்னாடியே போயிருக்குதா?"

"இன்னா சார் அப்படி கேட்டுட்டீங்கோ! அங்கயே ரெண்டு வருசம். கடலுக்குள்ள போயி ஆரோக்கியம்னு என் பேரச் சொல்லிப் பாருங்கோ, மீனு கூட வழி உடும்."

போலீஸ்காரர் சிரித்தார். எழுதிக்கொண்டார். என் பெயரைத்தான் எழுதுகிறார் என்று நினைத்தேன்.

நீச்சல் கற்றுக்கொடுத்தது பாதி நிஜம். ஆறு வயதில் ஒரு தடவை தோளில் வைத்துக் கிணற்றில் இறங்கினேன். அவள் கத்தின கத்தலில் ஏறிவிட்டோம்.

ஆகஸ்ட் 13, புதன்

அம்பத்தூரில் ஒரு அபார்ட்மென்ட் சம்ப். செத்த எலி. வேறு ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்தால் கீழே இழவு வீடு மாதிரி. பிரின்சிக்கு பாஸ்போர்ட் ஆபீஸ் தகவல் வந்துவிட்டது. போலீஸ் அறிக்கை பாதகம், சான்றிதழ் இல்லை. அவள் நேரே ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். அறிக்கையைப் படித்துக் காட்டினார்களாம்: 'விசாரித்ததில் மனுதாரர் மேற்படி விலாசத்தில் குடியிருப்பதில்லை என்றும், பெரும்பாலும் வெளிநாட்டிலேயே இருப்பதாகவும் தெரிய வருகிறது.' யார் சொன்னது என்று எழுதவில்லை.

யார் என்று எனக்குத் தெரியும்.

"எவன் சொன்னான்? எந்தப் பொறாமை புடிச்ச நாயி சொல்லுச்சி?" என்று அந்தோணி குதிக்கிறான். படிக்கட்டில் நின்று நானும் "அதானே" என்றேன்.

ஸ்டெல்லா சோறு போடும்போது தட்டைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். அன்றைக்கு அடுப்படியிலிருந்து எல்லாம் கேட்டிருக்கிறாள். குழம்பில் உப்பு இல்லை. கேட்கவில்லை.

இங்கே யாரும் படிக்கப் போவதில்லை, ஆகவே எழுதுகிறேன். முதல் ஐந்து நிமிடம் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

தெருவில் சண்டை. எதிர் ஃபிளாட் வளர்மதி மேல் அந்தோணிக்குச் சந்தேகம். மதுரைப் பெண், புருஷன் ஐ.டி., வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. போன மாதம் வண்டி நிறுத்துவதில் ஏதோ தகராறு. அது போதுமாம்.

"இன்னாமா, எங்க ஊட்டுப் பொண்ணு போறது உனக்கு எரியுதா? போலீஸ்காரன்கிட்ட இன்னா ஓதி அனுப்பிச்ச?"

"என்னண்ணே பேசுறீங்க? போலீசு எங்க வீட்டுப் பக்கமே வரல. வந்திருந்தா நல்லதுதானே சொல்லியிருப்பேன்! எங்க புள்ளைக்கு நீச்சல் சொல்லித் தர்றதே அந்தப் பொண்ணுதான்!"

"நடிக்காத!"

பால்கனியில் நின்றிருந்தேன். அந்தோணி நிமிர்ந்து, "நீ சொல்லுண்ணே" என்றான். "பக்கத்துல கீறவங்கள நம்பக் கூடாதுடா" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருக்குப் பொருந்தும் என்று தெரிந்தது. வளர்மதி அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 16, சனி

நேற்று மாதா திருநாள். கீழே பிரியாணி செய்யவில்லை. ஒவ்வொரு வருடமும் ஒரு தூக்கு மேலே வரும்.

சாயங்காலம் மொட்டை மாடியில் பிரின்சி. ரப்பர் உடுப்புக்குப் பவுடர் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். ஓட்டலோடு இங்கிலீஷில் பேசி முடித்திருந்தாள். இன்னொரு வாரம் தள்ளித் தரமாட்டார்களாம்.

"ஊத்திக்கிச்சுன்னா திரும்ப ஐ.டி.க்கே போறேன் பெரிப்பா. கேட்டிருக்கேன், எடுத்துக்குவாங்க."

நான் ஆசைப்பட்டது இதுதான். கையில் வந்ததும் பிடிக்கவில்லை.

இறங்கி வந்தால் ஸ்டெல்லா: "எதிர் ஊட்டுப் பொண்ணு ரெண்டு நாளா வெளிய தல காட்டல. பிரின்சிக்கி இன்னும் ஒம்பது நாளுதான் கீது. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"இன்னாத்த?"

"இன்னாத்தவா? மீனு வழி உட்ட கதைய."

மறுபடி மொட்டை மாடி ஏறினேன். சொன்னேன். முதலில் போலீஸ்காரர்தான் தப்பாகக் கேட்டுக்கொண்டார் என்று ஆரம்பித்தேன். பிரின்சி நிமிர்ந்து பார்த்தாள். விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். பவுடர் டப்பாவை மூடினாள். ரொம்ப நேரம் மூடினாள்.

"ஏன் பெரிப்பா?"

"தெரியலமா. அவன் உன்னியே கேட்டுகினு இருந்தான்."

"திங்கக்கிழமை என்கூட ஸ்டேஷனுக்கு வா."

ஆகஸ்ட் 18, திங்கள்

வேலை எதற்கும் போகவில்லை. வெள்ளைச் சட்டை.

அதே போலீஸ்காரர். எழுதித் தாருங்கள் என்று வெள்ளைத் தாள் கொடுத்தார். ஒரு பக்கம் எழுதினேன். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் 103, மாத்திரை மயக்கம், நாட்டுக்காக எத்தனையோ கிணறுகளில் இறங்கியவன் என்றெல்லாம். படித்தார். நான்காக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"பெரியவரே, கதை வேணாம். ரெண்டு வரி. அன்னிக்குச் சொன்னது உண்மையா, பொய்யா?"

எழுதினேன்: 'தம்பி மகள் பிரின்சி ஒன்றரை வருடமாக எங்கள் வீட்டில்தான் குடியிருக்கிறாள். நான் பெருமைக்காகச் சொன்னது பொய்.' கையெழுத்து. இவ்வளவு குட்டியாக நான் எதையும் எழுதியதில்லை. எட்டாம் வகுப்பு விடுப்புக் கடிதம் கூட இரண்டு பக்கம்.

"பெருமைக்காக" என்று போட்டேன். வேறு ஒரு வார்த்தை இருக்கிறது. அதைப் போடவில்லை.

பிரின்சி தோளுக்கு மேலிருந்து படித்தாள்.

இது மட்டும் போதாதாம். மறுபடி விசாரணைக்கு வருவார்களாம். அக்கம்பக்கத்தில் இரண்டு வீட்டார் நேரில் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் போடுகிறேன் என்றேன்.

"உங்களுது வேணாம் சார்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலையில் தூறல். பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் கையெழுத்துக்கு ஒப்புக்கொண்டார். இன்னொன்று எதிர் ஃபிளாட்தான். மற்ற வீடுகள் புதுக் குடித்தனம்.

நானே போனேன். வளர்மதி கதவைப் பாதிதான் திறந்தாள்.

"அம்மா, போலீசுக்குச் சொன்னது நான்தான். என் தம்பி உன்னியப் பேசினது தப்பு. நான் பாத்துகினு நின்னது அத்தவிட தப்பு."

"நீங்களாண்ணே?"

"நான்தான்."

"சொந்தப் பெரியப்பாவா?" என்று இன்னொரு தடவை கேட்டாள். கையெழுத்து வேண்டும் என்றேன். "அந்தப் புள்ளைக்காகப் போடுறேன். உங்களுக்காக இல்ல, பார்த்துக்கங்க."

திரும்பினால் தெருவில் அந்தோணி, பைக்கில் சாவியைப் போட்டபடி. முழுசாகக் கேட்டிருக்கிறான். என்னை ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். வளர்மதி வாசலுக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

மத்தியானம் போலீஸ்காரர் வந்து போனார். எங்கள் வீட்டுக்கு மாடி ஏறவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

போலீஸ் சான்றிதழ் வந்துவிட்டது. உடனே ஓட்டலுக்கு அனுப்பியாயிற்று. இரண்டு நாள் மிச்சம்.

கரையான்சாவடி மோட்டார் மறுபடி நின்றுவிட்டது. நான் போட்ட கேபிள் இல்லை, அவர்கள் போட்டது.

அந்தோணி இன்னும் பேசவில்லை. படிக்கட்டில் எதிரே வந்தால் போனை எடுத்துக் காதில் வைக்கிறான். போன் ஆஃபில் இருப்பது எனக்குத் தெரிகிறது.

செப்டம்பர் 3, புதன்

மழை. நல்ல மழை. மாலத்தீவு வேலை அனுமதி வந்துவிட்டது. 12-ஆம் தேதி விமானம்.

அந்தோணி தெரு முழுக்க கேக் கொடுத்தான். முதல் டப்பா எதிர் ஃபிளாட்டுக்கு. அப்புறம் வாத்தியார். அப்புறம் யார் யாரோ. பால்காரனுக்குக் கூட. மாடியில் நின்று ஒவ்வொன்றாக எண்ணினேன். எங்களுக்கு வரவில்லை. ஸ்டெல்லா, "ஜன்னல உட்டு வாயா, மானம் போவுது" என்றாள்.

ஏழு மணிக்கு பிரின்சியே கொண்டுவந்தாள். ஸ்டெல்லா தட்டு எடுக்க உள்ளே போனாள்.

"பெரிப்பா, ஓட்டல் படிவத்துல அவசரத்துக்கு ஒரு ஆள் பேரு கேட்டாங்க. கடலுக்குள்ள எதுனா ஆச்சுன்னா முதல்ல அந்த ஆளுக்குதான் போன் பண்ணுவாங்க. உன் பேரு போட்டுட்டேன்."

"அப்பன் பேரு போட வேண்டியதுதானே?"

"அப்பா ஷிஃப்டுல போனை லாக்கர்ல வெச்சிடுவாரு. அம்மா அழ ஆரம்பிச்சிடுவாங்க. நீ தண்ணில எறங்குற ஆளு, உனக்குப் புரியும். ஓட்டல்காரன் எதுனா கேட்டா உள்ளத மட்டும் சொல்லு. ஒரு சொல்லு கூட சேக்காத."

"சேக்க மாட்டேன்."

"இன்னொண்ணு. அப்பாகிட்ட சொல்லாத. தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவாரு."

போட்டிருக்கிறாள், நானே பார்த்தேன். இங்கிலீஷில் என் முழுப் பெயர், போன் நம்பர். மாலத்தீவு வரைக்கும் போயிருக்கிறது. அந்தோணி பெயர் அந்தப் பக்கத்திலேயே இல்லை.

செப்டம்பர் 4, வியாழன்

காலை ஆறரை. மேகமூட்டம். அந்தோணி வாசலில் பைக் துடைக்கிறான். நான் பால்கனியில் காபியோடு. திடீரென்று நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னாண்ணே, நின்னுகினு தானா சிரிச்சிகினு கீற?"

பதினாறு நாள் கழித்து முதல் பேச்சு.

"ஒண்ணுமில்லடா" என்றேன்.

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். தெரு முனை திரும்பும் வரை பார்த்தேன். மணி ஏழு பத்து. இன்னும் சொல்லவில்லை.