கிழிசலுக்கும் ஒரு படம்

செப்டம்பர் 4, ஞாயிறு

இம்மாதச் சம்பளத்தை வழக்கம்போல் நான்கு உறைகளில் பிரித்தேன். வாடகை, வயிறு, வீடு, வழிச்செலவு. நான்கும் வகர வரிசையில் தொடங்குவது தற்செயலே. எனினும் அதில் எனக்கொரு சிறு பெருமிதம் உண்டு. இன்று ஐந்தாவதாக ஓர் உறை சேர்ந்தது. அதன்மேல் ‘ஒளிப்படக் கருவி’ என்று எழுதினேன்.

அறையைப் பகிர்ந்துகொள்ளும் இஸ்திரி அக்கா எட்டிப் பார்த்தார். “கேமரான்னு எழுதினா உறை கோவிச்சுக்குமா?” நாங்கள் வேலை செய்யும் தையல் கடையில் தேய்ப்பு மேசை அவருடையது. என் எழுத்தைக் கேலி செய்யும் உரிமையை அவருக்கு நானே வழங்கியிருக்கிறேன்.

கருவி எதற்கு என்பதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன். செலவழித்த பின் மனம் கேள்வி கேட்டால் காட்டுவதற்கு. என்னிடம் தையற்கலைப் பட்டயம் எதுவும் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. பழைய கோட்டுகளைப் பிரித்துப் பிரித்துத் தொழில் கற்றேன்; பொட்டலம் கட்டிவந்த தாள்களைப் பிரித்துத் தமிழ் கற்றேன். ஆசிரியர் இல்லாததால் எனக்குத் தவறாகக் கற்பித்தவரும் இல்லை. என் போன்றோருக்கும் இந்நாட்டில் ஒரு கதவு திறந்து வைத்திருக்கிறார்கள். செய்த வேலைகளைத் தெளிவான படங்களாக எடுத்துச் சென்று தொழில்தர அலுவலகத்தில் விளக்கினால், ‘தேர்ந்த கைவினைஞர்’ என்று சான்றளிப்பார்கள். சான்று வந்தால் சம்பளம் உயரும். அந்தச் சம்பளம் இருந்தால்தான் கணவரையும் மகளையும் இங்கே அழைத்துக்கொள்ள முடியும். சான்று வராவிட்டால் இன்னும் இரண்டு ஆண்டுகள் கைப்பேசித் திரைக்குள்தான் குடும்பம்.

மகளுக்குப் பதின்மூன்று வயது. இரண்டு ஆண்டுகளில் என்னைவிட உயரமாகிவிடுவாள். அதைத் திரையில் அளக்க முடியாது.

செப்டம்பர் 9, வெள்ளி

“போன்ல இல்லாத கேமராவா?” என்று ஊரிலிருந்து கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆகவே சோதித்துப் பார்த்தேன். நேற்று ஒரு கருப்புக் கம்பளிச் சட்டையில் பூச்சி அரித்த துளையை அடைத்திருந்தேன். உள்மடிப்பிலிருந்து அதே துணியின் இழைகளை உருவி, ஊடும் பாவுமாகத் துளையில் நெய்து நிரப்பும் வேலை. என் கைக்கு நானே சூட்டிக்கொண்ட மகுடம் அது. கைப்பேசியில் படம் எடுத்தால் இழையே தெரியவில்லை. மணப்பெண் முகத்திற்குப் பூசுவதுபோல் துணிக்கும் மாவு பூசி வழவழவென்று காட்டுகிறது. நெசவைத் தின்றுவிடும் கருவி நெசவுக்காரிக்கு எதற்கு?

படத்தை அவருக்கு அனுப்பினேன். “புலவரே, இது சட்டையா தார் ரோடா?” என்று பதில் வந்தது. பேருந்து ஓட்டுபவருக்கு எல்லாம் சாலையாகத்தான் தெரியும். ஆனால் கட்சி மாறிவிட்டார்.

செப்டம்பர் 18, ஞாயிறு

கேமராவுக்கு முன் கோட்டு வாங்க வேண்டியதாயிற்று. குளிர் தொடங்கும் முன்பே இங்குள்ளவர்கள் குளிரைப் பற்றிப் பேசும் விதம் அச்சமூட்டுகிறது. கணவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “முதல்ல கோட்டு. நீ விறைச்சுப் போயிட்டா படத்துக்கு யாரு வந்து விளக்கம் சொல்றது?”

முதலாளியம்மா, வாடிக்கையாளர் ஒருவர் அளவு பொருந்தாமல் விட்டுச்சென்ற புதுக் கோட்டைக் கொள்முதல் விலைக்கே தந்தார். சாம்பல் நிறக் கம்பளி. மீன்முள் வரிசையாக நெய்யப்பட்டது. என் வாழ்நாளில் நான் எனக்கென வாங்கிய உடைகளில் இதற்கு நிகர் இல்லை. ஐந்தாம் உறை காலியாயிற்று. கண்ணாடி முன் நின்றபோது வருத்தம் வரவில்லை என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

செப்டம்பர் 25, ஞாயிறு

இரண்டு வாரமாகப் பேருந்து ஏறவில்லை. வழிச்செலவு உறையிலிருந்து கேமரா உறைக்கு ஒரு கால்வாய் வெட்டியிருக்கிறேன். வயிற்று உறையிலும் கை வைத்ததைக் கண்டுபிடித்த இஸ்திரி அக்கா, என் தட்டில் தன் சோற்றைக் கொட்டிவிட்டுத்தான் பேசினார். “கண்ணு இருட்டி விழுந்தா உன்னை நான்தான் தூக்கணும். என் இடுப்புக்கு இரக்கம் காட்டு.”

உண்டேன். நன்றி என்ற சொல்லை எழுதுவது எளிது. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

அக்டோபர் 1, சனி

கணவர் பேசினார். “இந்த மாசம் வீட்டுக்குப் பணம் அனுப்பாத. நான் ஞாயித்துக்கிழமையும் வண்டி எடுக்கிறேன்.” மறுத்தேன். “புலவரே, வாக்கியத்தை நீங்க கட்டுங்க, வீட்டை நாங்க கட்டிக்கிறோம்” என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தார். பின்னணியில் மகள் சிரித்தாள். இருவரும் கூட்டு.

அக்டோபர் 2, ஞாயிறு

பழைய கேமராக்கள் விற்கும் கடைக்குச் சென்றேன். கண்ணாடிப் பேழைக்குள் சோப்புக்கட்டி அளவில் வரிசையாக வைத்திருந்தார்கள். கடைக்காரர் முதலில் நீட்டியது, தொலைவில் உள்ளதை இழுத்து வந்து காட்டும் நீண்ட லென்ஸ் உடையது. மலையில் நிற்கும் ஆட்டின் தாடிகூடத் தெரியும் என்றார். ஆட்டுக்கும் எனக்கும் வழக்கு ஒன்றும் இல்லை என்றும், விரற்கடைத் தொலைவில் இருப்பதை ஒளிக்காமல் காட்டினால் போதும் என்றும் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

கைப்பையிலிருந்து கருப்புக் கம்பளித் துண்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தேன். கருப்புத் துணியில்தான் கேமராவின் குணம் வெளிப்படும் என்று நூலகப் புத்தகத்தில் படித்திருந்தேன். புதியது ஒன்று கருப்பைச் சாம்பலாக்கியது. இன்னொன்று நீலம் கலந்தது. மூலையில் கீறல் விழுந்த ஒரு பழைய கேமரா, மிக அருகில் உள்ளதை எடுப்பதற்கான பூப்படம் போட்ட பொத்தானை அழுத்தியதும், ஒவ்வோர் இழையையும் எண்ணிக்கொள் என்பதுபோல் காட்டிற்று. விலையும் புதியதில் பாதி.

உறையில் இருந்தது கேமராவுக்குச் சரியாக இருந்தது, நினைவட்டைக்கு இல்லை. கணக்கில் நினைவட்டையை மறந்திருந்தேன்! உறைகளை ஆள்பவள் என்று மார்தட்டிக்கொள்பவள்! நான் உறையைக் கவிழ்த்துத் தட்டுவதைப் பார்த்த கடைக்காரர், இழுப்பறையிலிருந்து ஓர் அட்டையையும் கூடுதல் பேட்டரியையும் எடுத்துப் போட்டார். காசு வேண்டாம், துணியோடு கேமரா வாங்க வந்த முதல் ஆள் நான்தான் என்றார். அவருடைய மேலங்கியில் ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கேயே தைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 3, திங்கள்

உறைமேல் எழுதியிருந்ததை அடித்துவிட்டுக் ‘கேமரா’ என்று எழுதினேன். கையில் வந்த பின் அந்நியமாகப் பேசத் தோன்றவில்லை. அக்காவிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 14, வெள்ளி

சான்றுக்கெனத் தேர்ந்த பத்து வேலைகளையும் படம் எடுத்து முடித்தேன். கடைச் சன்னல் ஓரம், நூற்கண்டுகளை அடுக்கி அதன்மேல் கேமராவை நிறுத்தி, கை நடுங்காமல். முதலாளியம்மா வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் தொலைபேசியில் அனுமதி கேட்டுத் தந்தார். அச்சில் பார்த்தபோது எனக்கே கண்கலங்கியது. எங்கே கிழிந்திருந்தது என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

அக்டோபர் 17, திங்கள்

சான்று தரவில்லை.

எழுதவே கை வரலை. என்ன சொல்லி எழுதறது? சிரிப்பா வருது, அழுகையா வருது.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். மேசைக்கு அப்பால் இருந்த அம்மையார் மிகவும் பொறுமையானவர். பத்துப் படங்களையும் நிதானமாகப் பார்த்தார். பின்பு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இவை யாவும் அழகிய உடைகள், இவற்றில் உங்கள் வேலை எது என்று கேட்டார்.

இதோ என்று விரல் வைக்கப் போனேன். விரல் அந்தரத்தில் நின்றது. மூன்றாவது படத்தில் துளை இருந்தது வலப்பக்கமா, இடப்பக்கமா? எனக்கே தெரியவில்லை!

கிழிந்திருந்தபோது எடுத்த படம் எங்கே என்றார். இல்லை. ஒன்றுகூட இல்லை. கிழிந்த துணியைப் படம் பிடிப்பது உடை மாற்றும் அறையில் எட்டிப் பார்ப்பதற்குச் சமம் என்பது என் கொள்கை. கிழிசலோடு வருபவரை முழு உடையோடு அனுப்புவதே எனக்குத் தொழில். நடுவில் நடந்தது ஊசிக்கும் எனக்கும் மட்டும். ஆனால் மறைத்த வேலையை மறைத்தபடியே காட்டினால் எதை நம்பி முத்திரை குத்துவார்கள்? கேட்டவர்மேல் பிழை இல்லை. ஒட்டுப்போட்டுத் தைக்கிறவள் இந்தப் பிழையைச் செய்யமாட்டாள். ஒட்டு தெரியாமல் தைக்கிறவள் மட்டுமே செய்வாள்.

கதவை அவர் சாத்தவில்லை. பத்து வேண்டாம், ஒன்று போதும். கிழிசல், பாதி வேலை, முழு வேலை என்று படங்கள் வேண்டும், உடையும் நேரில் வேண்டும், மாத இறுதிக்குள் வாருங்கள் என்றார். அந்த அம்மையாருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அக்டோபர் 20, வியாழன்

கடைக்கு ஒரு கிழிசலும் வரவில்லை. கால்சட்டை நீளம் குறைத்தல், ஜிப் மாற்றுதல், கால்சட்டை நீளம் குறைத்தல். ஊரே நிதானமாக நடந்து, முள்ளில் மாட்டாமல், பூச்சிக்கு இடம் கொடுக்காமல் வாழ்கிறது. இன்று கையில் துளையுள்ள ஒரு சட்டை வந்தது. படம் எடுக்கலாமா என்று முதலாளியம்மா கேட்டதும், உடையவர் முகம் சுருங்கிற்று. வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். கொள்கை இன்னும் சாகவில்லை போலும்.

அக்டோபர் 22, சனி

ஆணியில் தொங்கும் என் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அக்டோபர் 23, ஞாயிறு

வெட்டிவிட்டேன்.

இடக்கை, முழங்கைக்குச் சற்றுமேல், விரல் நுழையும் அளவுக்கு. மீன்முள் நெசவின் முதுகெலும்பு குறுக்கே அறுந்தது. கத்தரிக்கோலின் ஓசை அறை முழுதும் கேட்டது. இஸ்திரி அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். “அடிப்பாவி! பழந்துணி எதையாவது வெட்டக்கூடாதா?”

பழந்துணியை அடைத்தால் என்ன பெருமை? மீன்முள் வரிசையில் ஓர் இழை பிசகினாலும் கண் அங்கேயே போய் நிற்கும். இதை மறைக்க முடிந்தால் எதையும் மறைக்க முடியும். முடியாவிட்டால் – குளிர்காலம் முழுதும் என் அகந்தையை முழங்கையில் அணிந்து திரிவேன்.

கணவரிடம் சொன்னேன்.

“என்னது? புதுக் கோட்டையா? கத்தரிக்கோலாலயா?”

“இடது கை மட்டுந்தாங்க.”

“எந்தக் கைன்னா நான் கேட்டேன்?” பிறகு குரல் மாறியது. “சரி. கிழிச்சது நல்லாத் தெரியிற மாதிரி படம் எடுத்தியா? இந்தத் தடவையாவது?”

எடுத்திருந்தேன். முதன்முறையாக ஒரு கிழிசலை, நல்ல வெளிச்சத்தில், வெட்கமின்றி.

அக்டோபர் 26, புதன்

பாதி வேலையைப் படம் எடுப்பதில் ஒரு சிக்கல். இரண்டு கையும் ஊசியிலும் துணியிலும் இருக்க, பொத்தானை யார் அழுத்துவது? அக்கா முன்வந்தார். மெதுவாக அழுத்துங்கள் என்றதும் கோபம் வந்துவிட்டது. “இருபது வருஷமா அழுத்தித்தான் சோறு திங்கிறேன். எனக்கே பாடமா?”

முதல் படத்தில் அவருடைய கட்டைவிரல். இரண்டாவதில் என் மூக்கு. மூன்றாவதில் அறுந்த வரிகளுக்கு நடுவே ஊசி, அதன் பின்னால் சாம்பல் இழை, பாதி மூடிய துளை. என் கைகள் வேலை செய்வதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. இவ்வளவு காலம் இவைதாம் உழைத்தனவா? நகம் வெட்டியிருக்கலாம்.

அக்டோபர் 30, ஞாயிறு

கடைசி இழை முடிந்தது. அக்கா ஈரத்துணி விரித்து, மூச்சை அடக்கி, ஒரே ஒரு முறை இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்தார். தூக்கிப் பார்த்தோம். கடைசிப் படத்தையும் எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 31, திங்கள்

அதே அம்மையார், பக்கத்தில் தையற்கலைஞர் ஒருவர். கிழிசல் படத்தையும் ஊசி நிற்கும் படத்தையும் மேசையில் வைத்தேன். கோட்டைக் கழற்றிக் கொடுத்தேன். கலைஞர் சன்னல் வெளிச்சத்திற்கு எதிரே கையைப் பிடித்துப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி கோட்டைப் பார்த்தார். உள்பக்கத்தைத் திருப்பினார். பின்பு விரல் நுனியால் தடவி, கண்களை மூடிக்கொண்டு, ஓர் இடத்தில் நிறுத்தினார். “இங்கேயா?”

ஆம். விரலுக்கு மட்டும் பிடிபட்டது. கண்ணால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அவர் சொன்னதைவிட, கண்டுபிடிக்கும்வரை அவர் விடாமல் தேடியதே எனக்குப் பெரிய மரியாதையாகத் தோன்றியது. முடிவை அஞ்சலில் அனுப்புவார்களாம்.

நவம்பர் 21, திங்கள்

சான்று வந்தது. கடித உறையை ஊசியால் நெம்பித் திறந்தேன். கிழிக்க மனம் வரவில்லை.

டிசம்பர் 4, ஞாயிறு

புதிய உறைகள் வாங்கினேன். வயிறு உறைக்குப் பெரிய அளவு. ‘வீடு’ என்ற உறையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். வீட்டுக்கு அனுப்பும் பணம் இனி இல்லை, வீடே வருகிறது. அந்த உறையில் விமானச் சீட்டுகளை வைத்தேன்.

பிப்ரவரி 11, சனி

வந்துவிட்டார்கள்.

வருகைக் கூடத்தில் படம் எடுக்கக் கேமராவைக் கழுத்தில் மாட்டிச் சென்றிருந்தேன். ஒரு படமும் எடுக்கவில்லை. மகள் என் தோளுக்கு மேல் வளர்ந்திருக்கிறாள். அதைக் கைகளால் அளந்தேன்.

வெளியே வந்ததும் அவளுக்குப் பல் கிட்டிற்று. என் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினேன். உடனே கேமராவை என் கழுத்திலிருந்து கழற்றிக்கொண்டாள். பேருந்தில் முழு வழியும் கேமராவைக் கையருகே கொண்டுபோய், பூப்பொத்தானை அழுத்தி, முழங்கையைப் படம் எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“அம்மா, எங்க வெட்டுன? எனக்குத் தெரியலையே.”

“தேடும்மா.”

“அப்பா, உங்களுக்குத் தெரியுதா?”

அவர் எட்டிக் குனிந்து, பேருந்து ஓட்டும்போது சாலையைக்கூட அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க மாட்டார் என்னும்படி பார்த்துவிட்டுக் கையை விரித்தார். “உங்கம்மா வெட்டவே இல்ல. நம்மள ஏமாத்திட்டாங்க.”

மகள் வலக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லவில்லை.