பின்சீட்டு இல்லாத வண்டி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ நலமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். போன வாரம் "நல்லா இருக்கேன், வேலை அதிகம்" என்று மெசேஜ் அனுப்பியிருந்தாய். அதற்கு முந்தின வாரமும் அதேதான். ஒரு எழுத்துகூட மாறவில்லை. போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிடுகிறாய். கடிதமென்றால் பாதியில் மடித்து வைத்தாலும் மேஜைமேலேயே கிடக்கும், மனசு வந்தபோது எடுத்துப் படிக்கலாம். அதனால்தான் இது.

அத்தை உன்னோடு பேசியதாகச் சொன்னாள். "உங்கப்பனுக்குப் புத்தி பிசகிடுச்சு, இந்த வயசுல ரேஸ் கார் வாங்கி வாசல்ல நிறுத்தியிருக்கான்" என்று சொல்லியிருப்பாள். வண்டி வாசலில் நிற்பது உண்மைதான். ஆனால் வாங்கியது நானில்லை, உன் அம்மா.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். தம்பி போன பிறகு அம்மா நம் பழைய காரில் ஏறவே இல்லை. ஏறமாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நேரமாகிவிட்டது, கூட வேலை செய்கிறவள் பஸ்ஸில் காத்திருக்கிறாள் என்று ஏதாவது சொல்லிவிட்டு ரத்தப் பரிசோதனை லேபுக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் நல்ல மழை. நான் பிடிவாதமாக ஏற்றினேன். தெருமுனை தாண்டுவதற்குள் நிறுத்தச் சொன்னாள். இறங்கி நனைந்துகொண்டே நடந்தாள். நான் வண்டியை அவள் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டுக் கெஞ்சிக்கொண்டே போனேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் தலையைத் துவட்டிக்கொண்டே அவளாகச் சொன்னாள்: "பின்னாடி சத்தமே இல்லைங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வண்டி வந்த நாளிலிருந்து பின்சீட்டில் யாராவது இருந்திருக்கிறார்கள். முதலில் நீங்கள் இரண்டு பேரும் ஜன்னலுக்கு அடித்துக்கொண்டீர்கள். நீ வெளிநாடு போன பிறகு அவன் மட்டும், முழங்காலால் என் சீட்டை முட்டிக்கொண்டு, கதவில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு வருவான். சும்மா வரமாட்டாயா என்று எத்தனை தடவை அதட்டியிருப்பேன்.

விற்றுவிடலாம் என்று முடிவு செய்தோம். வண்டி அம்மா பேரில் இருந்ததால் கையெழுத்துப் போட அவளும் பழைய கார் விற்கிற இடத்துக்கு வந்தாள், தனியாகப் பஸ்ஸில். கடைக்காரர் நம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, கீறல், நசுங்கல் என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். கடைசியில், தகரக் கூரைக்கு அடியில் நின்ற ஒரு கரும்பச்சை வண்டியின் கண்ணாடியில் இரண்டு கையையும் குவித்து வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வண்டியின் கூரை என் நெஞ்சுக்குக்கூட வரவில்லை. தரையோடு படுத்துக் கிடப்பது மாதிரி இருந்தது.

இதில் பின்சீட்டு எங்கே என்று கேட்டாள். கடைக்காரருக்குச் சங்கடமாகிவிட்டது. இது ஸ்போர்ட்ஸ் கார், பெரிய வெளிநாட்டுக் கம்பெனி வண்டி, இரண்டு பேர்தான் போகலாம், குடும்பத்துக்கு ஆகாது என்றார். அப்படியானால் பின்னால் என்ன இருக்கிறது என்றாள். இன்ஜின் என்றார். ஸ்டார்ட் செய்யச் சொன்னாள்.

செய்தார். அம்மா குனிந்து, மடங்கி, ஒருவழியாக உள்ளே போய் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் முதுகுக்குப் பின்னாலேயே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அலறல் எல்லாம் கிடையாது, கனமான ஒரு முனகல். கண்ணை மூடிக்கொண்டாள். அழப் போகிறாள் என்று நினைத்து நான் கதவுப் பக்கம் போனேன். அவள் கண்ணைத் திறந்து, "இதை வாங்கிடலாம்" என்றாள். கடையில் சோப்பு எடுத்து வைக்கிறவள் குரலில் சொன்னாள். பதினான்கு மாதத்தில் அவள் தனக்கு வேண்டும் என்று கேட்ட முதல் பொருள் அது. நான் என்ன சொல்லியிருக்க முடியும், நீயே சொல்.

ஆனாலும் முப்பத்தொரு வருஷம் லிப்ட் ரிப்பேர் பார்த்தவன் நான். கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. நான் வருவதற்குமுன் இன்ஜினை ஓடவிடக் கூடாது என்று சொல்லிவிட்டு, மூன்று நாள் காலையில் போய்ப் பின்மூடியில் கை வைத்துப் பார்த்தேன், சூடு இருக்கிறதா என்று. ஆறிக் கிடக்கிற இன்ஜின் முதல் தடவையிலேயே கிளம்பினால்தான் அது நல்ல இன்ஜின். முதலில் வைத்திருந்தவர் ஒரு எலும்பு டாக்டர். அவருக்கே முழங்கால் போய், ஏறி இறங்க முடியாமல் விற்றுவிட்டாராம். இரண்டு வருஷம் உறை போட்டு நின்ற வண்டி. டயரில் தேய்மானமே இல்லை, ஆனால் ரப்பர் கட்டை மாதிரி இறுகிப் போயிருந்தது. இடதுபக்கக் கால்விரிப்பில் ஈரம். முன்னால் தண்ணீர் வடிகிற ஓட்டையில் இலைக் குப்பை அடைத்திருந்தது, கம்பி விட்டு எடுத்தேன். மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தது. கடைக்காரர் அது சும்மா பல்பு சார் என்றார். லிப்டில் அப்படி ஒரு விளக்கு எரிந்தால் நான் சும்மா பல்பு என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்திருக்க முடியுமா? இந்த மாதிரி வண்டிகள் பார்க்கிற மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போனேன். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்து, "வாங்குறது ஈசி சார், வச்சிருக்கிறதுதான் கஷ்டம். அவ்வளவு ஆசையா உங்களுக்கு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

விலையை எழுதவில்லை. சின்னவன் மேல்படிப்புக்கென்று போட்டு வைத்திருந்ததில்தான் வாங்கினோம். அதை வேறு எதற்கும் எடுக்க எங்கள் இரண்டு பேருக்கும் கை வரவில்லை. இதற்கு வந்தது.

வண்டி வந்த அன்று ஆயில் பார்க்கலாம் என்று முன்மூடியைத் திறந்தேன். உள்ளே வெறும் பை வைக்கிற இடம். பின்னால்தான் இன்ஜின் என்று தெரிந்தும் கை பழக்கத்தில் அங்கே போய்விட்டது. அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "பெரிய மெக்கானிக்" என்று சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். நான் மூடியைத் திறந்தபடி குனிந்தே நின்றேன், என் முகத்தை அவள் பார்க்க வேண்டாமென்று.

ஓட்டுவது அவள்தான். லைசென்ஸ் வாங்கி இத்தனை வருஷமாகப் புதுப்பித்துக்கொண்டே வந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து நான் போடுகிற கூச்சலுக்குப் பயந்து ஸ்டியரிங்கைத் தொடாமலே இருந்தவள். இப்போது நான் வாய் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. கிளட்ச் கல் மாதிரி. முதல் வாரம் இடது காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டாள். கதவு நீளம், கார் நிறுத்துகிற இடத்துச் சுவரில் இரண்டு தடவை இடித்துப் பெயின்ட் போனது. வேகத்தடையில் நேராக ஏறினால் வயிறு உரசுகிறது, கோணலாக ஒவ்வொரு சக்கரமாக ஏற்ற வேண்டும். அதை அவளே கண்டுபிடித்தாள். இறங்கும்போது முதலில் இரண்டு காலையும் வெளியே போட்டுவிட்டுக் கையை நீட்டுவாள், நான் சுற்றி வந்து இழுத்துவிட வேண்டும். லேபில் வாட்ச்மேன் வண்டியைப் பார்த்ததும் எழுந்து நின்று சல்யூட் அடிக்கிறாராம். உள்ளேயிருந்து இவள் டிபன் பையோடு வெளியே வருவதைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொள்கிறாராம். உனக்குச் சொல்லச் சொன்னாள்.

தினமும் விடிந்ததும் ஊருக்கு வெளியே உள்ள சுற்றுச்சாலையில் ஒரு சுற்று போய்வருகிறோம். பறப்பதற்கென்று செய்த வண்டி. இவள் அறுபதைத் தாண்டுவதில்லை. பால் வண்டிகூட ஹாரன் அடித்துவிட்டு எங்களைத் தாண்டிப் போகிறது. முன்னால் ஸ்கூட்டரோ பைக்கோ போனால் அவள் முந்தவே மாட்டாள். அது எங்காவது திரும்புகிறவரை பின்னாலேயே போவாள்.

இனி எழுதப் போவதுதான் கடினம். இதற்காகத்தான் கடிதமே.

போன மாதம் ஒரு பையன் ஸ்கூட்டரில் எங்களுக்கு முன்னால் போனான். காதில் ஒயர் மாட்டிக்கொண்டு, தலையை ஆட்டிப் பேசிக்கொண்டே போனான். எங்கள் திருப்பம் வந்தது. அம்மா திரும்பவில்லை. அவன் பின்னாலேயே போனாள். அவன் ஒரு காலேஜ் கேட்டுக்குள் நுழைந்து ஸ்டாண்ட் போடும்வரை எதிர்ப்பக்கம் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்ஜினை அணைக்கவில்லை. அப்புறம் ரோட்டைப் பார்த்தபடியே, "அவன் போனை நான் பார்த்துட்டேன். ரெண்டாவது மாசமே பார்த்துட்டேன்" என்றாள்.

போலீஸ் ஸ்டேஷனில் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்த தம்பியின் போனைச் சொல்கிறேன். அதை என் பழைய டூல்ஸ் பெட்டியில் ஸ்பேனர்களுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். வாங்கி வந்த மூன்றாம் நாளே நான் பார்த்துவிட்டேன். கடைசி அழைப்பு, உன் பெயர், பதினோரு நிமிடம். ஸ்கூட்டரில் போனவனை லாரி இடித்தபோது அவன் உன்னோடுதான் பேசிக்கொண்டிருந்தான். அம்மாவுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டாள் என்று நான் மறைத்தேன். எனக்குத் தெரிந்தால் தாங்கமாட்டேன் என்று அவள் மறைத்தாள். ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு, ஒரு வருஷத்துக்கு மேல்.

நீயும் மறைத்தாய். லீவு கிடைக்கவில்லை என்று நீ சொன்னபோதெல்லாம் நம்புகிறவன் மாதிரி இருந்தேன்.

உன்னிடம் ஒன்றை ஒளிக்கக் கூடாது. முதல் சில மாதம் எனக்கு உன்மேல் கோபம் இருந்தது. வண்டி ஓட்டுகிறவனோடு ஏன் பேசினாள், போனை வை என்று சொல்லியிருக்கக் கூடாதா என்று. நீ கூப்பிட்டபோது அம்மா விழித்துக்கொண்டிருந்தும் தூங்குகிறாள் என்று பொய் சொன்னேன், ஒரு தடவையல்ல. அதனால்தான் நீ கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டாய் என்று இப்போது புரிகிறது. அந்தப் பாவம் என்னுடையது. அப்பாவை மன்னித்துவிடு.

பிறகு ஒருநாள் அந்தப் போனை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கூப்பிட்டவன் அவன். நீ எடுக்காமல் இருந்திருந்தால் திரும்பக் கூப்பிட்டிருப்பான், நீ எடுக்கிறவரை விட்டிருக்கமாட்டான். அவனை எனக்குத் தெரியாதா? வை என்று நீ சொல்லியிருப்பாய் என்றும் எனக்குத் தெரியும். அவன் கேட்டிருக்கமாட்டான்.

அன்று அந்தக் கேட்டுக்கு எதிரில் அம்மா உன்னைக் குறை சொல்வாளோ என்று பயந்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கடைசியா என்ன பேசினான்னு அவகிட்ட கேக்கணும். எப்படிக் கேக்குறதுன்னுதான் தெரியல. கேட்டா, நான் குத்தம் சொல்றேன்னு நெனச்சுப்பா." அவ்வளவுதான். பின்னால் இன்ஜின் சூடேறி ஃபேன் ஓட ஆரம்பித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, போகலாமா என்று கேட்டு கியரைப் போட்டாள்.

அதற்குப் பிறகு அவள் வண்டியில் தம்பியைப் பற்றிப் பேசுகிறாள். வீட்டில் பேசுவதில்லை. வண்டி ஓடும்போது மட்டும், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசுகிறாள். நான் கேட்டுக்கொண்டு வருகிறேன். இந்த வாரம் வண்டி வொர்க் ஷாப்பில் இருக்கிறது. தண்ணீர்க் குழாய் ஒன்று விரிசல் விட்டுவிட்டது, புதுக் குழாய் வரவேண்டும். எப்போ வரும் என்று தினமும் கேட்கிறாள். வண்டி இல்லாததால் வீடு மறுபடி அமைதியாகிவிட்டது. எனக்கு அது பயமாக இருக்கிறது.

பாப்பா, அந்தப் பதினோரு நிமிடம் உலகத்தில் உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. பெரிய விஷயமாக இருக்கவேண்டியதில்லை. சினிமாக் கதை சொன்னானா, என்னைக் கிண்டல் செய்தானா, உன்னிடம் எதற்காவது சண்டை போட்டானா, எதுவானாலும் சரி. சிரித்தான் என்றால் சிரித்தான் என்று சொல். அதைத் தனியாக வைத்துக்கொண்டு எவ்வளவு நாள்தான் நீ இருப்பாய்? எங்களுக்கும் கொஞ்சம் கொடு. போனில் சொல்ல முடியாவிட்டால் எழுது. எழுத வராவிட்டால் நேரில் வா. வந்து ஒன்றுமே பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை, வந்து இரு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ஹீட்டரை அணைத்துவிட்டுப் படு. நீ எங்கே இருந்தாலும் எங்கள் இரண்டு பேர் கையும் உன் தலைமேல்தான் இருக்கிறது, அது ஒருநாளும் விலகவில்லை என்பதை மட்டும் நம்பு.

இதை எழுதுவது அம்மாவுக்குத் தெரியும். வேண்டாம் என்று ஒரு நாள் முழுக்கச் சொன்னாள். இன்று காலையில் வேலைக்குக் கிளம்பும்போது உறையைக் கேட்டு வாங்கினாள். உறைமேல் உன் பெயரையும் விலாசத்தையும் எழுதியது அவள்தான்.

உன் வரவை எண்ணியிருக்கும்,
அப்பா