தண்ணீருக்குள் சாமி வந்தால்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தீபனுக்கு இன்று காலை ஆக்சிஜன் குழாயை எடுத்துவிட்டார்கள். சொன்னவர் வார்டு டாக்டர் நூருல். நேரில் பார்த்தவன் நான். மூச்சு தானாக வருகிறது. "ஆனா இன்னும் ரெண்டு நாள் இங்கதான் அங்கிள். தண்ணி உள்ள போனவங்களுக்கு, தேறிட்ட மாதிரி இருந்து திரும்ப மூச்சு திணறலாம்" என்றார்.

என் தங்கை மாரியம்மா ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்த வாயோடு மகனிடம், "இனிமே தண்ணி பக்கம் போனே, காலை ஒடிச்சிருவேன்." அவன் கேட்டது நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு.

ஆகஸ்ட் 6, புதன்

பத்திரிகையில் ஊரார் விபத்துகளை எழுதியே தலை நரைத்தவன். சொந்த மருமகன் என்றதும் கை ஓடவில்லை. நான் அப்போது அன்னதானக் கூடாரத்தில் இருந்தேன். ஆகவே பார்த்தவர்களைத் தனித்தனியே கேட்டு எழுதுகிறேன்.

ஈப்போ பக்கத்து லகாட் பழைய தோட்டத்துக் கோயில், ஞாயிற்றுக்கிழமை, திருவிழாவின் கடைசி நாள். கரகம் சுமந்த தீபன், அதைத் தண்ணீரில் விட, பழைய ஈயச் சுரங்கப் பள்ளத்தில் நீர் தேங்கிய ஈயக்குட்டையில் இறங்கினான். மணல் விளிம்பைத் தாண்டினால் அங்கே தரையே கிடையாது. கால் சறுக்கியது. கத்தவில்லை. தலை பின்னால் சாய்ந்தது, வாய் திறந்தது, கைகள் தண்ணீரை அடித்தன. கரையில் நின்றவர்களுக்கு என்ன தோன்றியது? சாமி வந்துவிட்டது என்று. பெண்கள் குலவை போட்டார்கள். உறுமி இன்னும் வேகமெடுத்தது. அருள் வந்தவனை யார் தொடுவார்கள்?

தினேஸ்வரி ஒருத்திதான் கத்தியிருக்கிறாள். கையுறைத் தொழிற்சாலையில் முதலுதவிப் பொறுப்பில் இருப்பவள். "சாமி இல்லலா! முங்குறான்!"

பூசாரி இராமசாமி அண்ணன்: "தொடாதே புள்ள!"

"தொடலய்யா, தூக்கிப் போடுறேன்!" காலி எண்ணெய்த் தோங்கில், அந்த பிளாஸ்டிக் கேனில், கூடாரக் கயிற்றைக் கட்டி வீசினாள். பிடிக்க அவனுக்குத் தெம்பில்லை. உறுமிக்காரர்கள் இருவர் இன்னொரு தோங்கை அணைத்தபடி, அதன் கயிற்றைக் கரையில் நின்றவர்களிடம் கொடுத்துவிட்டு இறங்கி, இழுத்து வந்தார்கள்.

மூச்சு இல்லை.

"தலைகீழா தூக்கு, தண்ணி இறங்கும்" என்று ஒரு கூட்டம். "வயித்தை அமுக்கு" என்று இன்னொன்று. தினேஸ்வரி யாரையும் கிட்டே விடவில்லை. "ரூபன், நீ 999 அடி. மத்தவங்க தள்ளுங்க." முதலில் வாயோடு வாய் வைத்து ஊதினாள். பிறகு நெஞ்சை அழுத்தினாள். மறுபடி ஊதல், மறுபடி அழுத்தல். ஆம்புலன்ஸ் கோயில் வளைவுக்குள் நுழையும்போது தீபன் இருமினான். வாந்தி வரவும் ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தாள்.

டாக்டரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். தலைகீழாகத் தூக்கியிருந்தால் நேரம்தான் போயிருக்கும். அவனுக்கு வேண்டியிருந்தது காற்று.

ஆகஸ்ட் 7, வியாழன்

தினேஸ்வரி ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாள்.

"அக்கா, எங்கம்மா உங்களுக்குக் கோயில் கட்டப் போறாங்களாம்" என்றான் தீபன்.

"கோயில் வேணாம்லா. விரதம்னா பல்லு வெளக்கக் கூடாதுன்னு உனக்கு யாரு சொன்னா?"

வார்டே சிரித்தது. பக்கத்துக் கட்டில் கௌஸ் பாய்க்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறி, நர்ஸ் ஓடி வந்தார்.

ஆகஸ்ட் 9, சனி

வீட்டுக்கு வந்துவிட்டான். மாரியம்மா குளியலறை வாளியைக்கூடப் பாதிதான் நிரப்புகிறாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கோயில் கூட்டம். தண்ணீரில் இறங்குகிறவனுக்கு மிதவை ஜாக்கெட்டும் கயிறும் வேண்டும் என்றாள் தினேஸ்வரி. "கரகம் தூக்குறவன் ஜாக்கெட் போட்டுக்கிட்டா? நம்ம என்ன கடல் போலீஸா?" என்றது பின்வரிசை. ஒரே சிரிப்பு. விஷயம் சிரிப்போடு போய்விடுமோ என்று பயந்தேன்.

இராமசாமி அண்ணன் எழுந்தார். "காப்புக் கட்டாம யாராச்சும் கரகம் எடுத்திருக்கோமா? கயித்துல மஞ்சள் பூசி நானே இடுப்புல கட்டுறேன். அதுவும் காப்புதான். மறுமுனை கரையில இருக்கட்டும். ஜாக்கெட்டையும் மஞ்சள்லயே வாங்குங்க."

"தண்ணிக்குள்ள நெசமாவே சாமி வந்தா?"

"கரைக்கு இழுத்துப் போடு. வந்த சாமி கரையிலயும் ஆடும்."

கைதட்டல். அடுத்த வருடம் யார் எடுப்பது என்றார்கள். தீபன் கையைத் தூக்கினான். மாரியம்மா எழுந்து வெளியே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

"உனக்கென்ன அண்ணே, நீ எழுதிட்டுப் போயிருவே. பெத்தவ நானு." என்றாள் மாரியம்மா.

செப்டம்பர் 13, சனி

ஈப்போ பொது நீச்சல் குளம். தீபன் நீச்சல் வகுப்பில் சேரலாம், ஆனால் தான் பக்கத்திலேயே இருப்பேன் என்று சொல்லியிருந்தாள் மாரியம்மா. கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துப் போனேன். நாற்காலி காலி. ஆழம் குறைந்த பக்கம், கை நீண்ட கறுப்பு நீச்சலுடையில், குளத்து ஓரக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் தங்கை!

"போட்டோ எடுத்தே, உன்னையும் உள்ள இழுத்துருவேன்!"

"நீ ஏன் இறங்குனே?"

"கயித்தோட மறுமுனையை அடுத்த வருசம் நான்தான் புடிப்பேன். எனக்கே தண்ணின்னா பயம்னா எப்படிண்ணே?"

தீபன் மறுபக்கத்திலிருந்து விசிலடித்தான்.

இனி வர வேண்டியவை: தீபனின் கடைசி நெஞ்சு எக்ஸ்ரே, வியாழக்கிழமை. குட்டைக்கு வேலி கேட்டுக் கோயில் சார்பில் கொடுத்த மனுவுக்குப் பதில், மாதக் கடைசியில். மாரியம்மா கம்பியை விடுவது தீபாவளிக்குள் என்கிறார் பயிற்சியாளர். அடுத்த சனிக்கிழமை என்கிறாள் அவள்.