பேய்க்காக அழுத ஞாயிற்றுக்கிழமை

அடியே,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மகள் டிவியில் ஒரு பேய்ப்படம் போட்டாள். பள்ளிக்கூடத்தில் யாரும் பக்கத்தில் சேர்க்காத மூன்று பிள்ளைகள், பாழடைந்த பங்களாவில் செத்துப்போன ஒரு பெண்ணைப் பார்க்கிறார்கள். பயந்து ஓடவில்லை; சிநேகமாகிவிடுகிறார்கள். ஊர்க்காரர்கள் பங்களாவுக்குத் தீ வைக்கும்போது, அந்தப் பேய்ப்பெண் பிள்ளைகளை வெளியே தள்ளிவிட்டு உள்ளேயே நின்றுவிடுகிறாள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். "பேய்க்குப் போய் அழுவுதே எங்கம்மா!" என்று மகள் உருண்டு சிரித்தாள். அவளுக்கு உன் கதை தெரியாது. சொல்லிச் சிரிக்க நீயும் இல்லை; போய்ச் சேர்ந்து இரண்டு பொங்கல் ஆகிவிட்டது.

நமக்கு அப்போது பதினாறு பதினேழு வயது. நீ யாரோடும் பேச மாட்டாய், தேயிலைக் கொழுந்து எடுக்கும்போதும் தனியாகத்தான் நிற்பாய். "மலையில பயந்துருக்கா" என்று கொஸ்லந்தையிலிருந்து பேயோட்டுகிற கோடாங்கியைக் கூட்டி வந்தார்கள். அவர் வேப்பங்குழையால் அடித்து, "யாரு நீ? பேரச் சொல்லு!" என்றார். நீ உன் பேரைச் சொன்னாய். அப்பா பேர், எந்த லயத்து வரிசை, அதில் எந்தக் காம்பரா வீடு, எல்லாம் சரியாகச் சொன்னாய். "பொய் சொல்லுது!" என்று இன்னும் நாலு அடி. கடைசியில் நம் தோட்டத்துக் கங்காணியின் மாமியார் பேரைச் சொன்னாய். கூட்டமே வாயைப் பிளந்தது. கங்காணிதான் எழுந்து கத்தினார்: "யோவ், அது லுணுகலையில உசுரோட இருக்குய்யா!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அடி வாங்கிய நீயும் சிரித்தாய். நம் சிநேகம் அங்கேதான் ஆரம்பித்தது. "ஏதாச்சும் பேரு சொன்னாத்தானே விடுவாங்க" என்றாய் பிறகு.

இப்போது பக்கத்துக் காம்பராவில் ஒரு பெண் இருக்கிறாள். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவள், திரும்பி வந்ததிலிருந்து பேச்சே இல்லை. படம் ஓடும்போது எங்கள் வாசலில் வந்து நின்றிருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. முடிந்ததும், "அந்தப் புள்ள ஒண்ணுமே பண்ணலையே அத்தை" என்றாள். அவ்வளவுதான், போய்விட்டாள். அந்த வார வெள்ளிக்கிழமை அவளுக்குக் கோடாங்கி வைத்திருந்தார்கள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் தேத்தண்ணியை வைத்துவிட்டு மறந்தேன். வாசலுக்கும் தண்ணி பிடிக்கிற பீலிக்கும் சும்மாவே நடந்தேன். கடைசியில் அவள் அம்மாவிடமே போய் நின்றேன்.

"மதினி, வெள்ளிக்கிழமை வேணாம்."

"ஒனக்கென்ன, எல்லாத்துக்கும் சிரிச்சுட்டுப் போயிருவ. சோறு தின்னாம கெடக்குறாளே, நாந்தானே பாக்குறேன்?"

"அடிச்சா தின்னுருவாளா? சாயந்திரமானா எங்கிட்ட அனுப்பு."

"நீ பேசியே கொன்னுருவியே!"

"அதான் வேணும். எம் பேச்சக் கேட்டா எந்தப் பேயும் நிக்காது."

அழுத முகத்தோடு சிரித்துவிட்டாள். "சரி, அடுத்த வெள்ளி வரைக்கும் பாப்பேன்" என்றாள்.

முதல் நாள் அந்தப் பெண் வந்ததும் கேட்டுத் துளைத்துவிட்டேன். கொழும்பில் என்ன நடந்தது, யார் என்ன சொன்னது? "ஒண்ணுமில்லத்த, நல்லாத்தான் இருந்தேன்" என்று சுருண்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. என் மூத்த பிள்ளை பிறந்து தவறிப்போன சமயத்தில் லயமே வந்து என்னிடம் கேள்வி கேட்டது. நீ மட்டும் முறத்தை மடியில் வைத்துக் கீரை ஆய்ந்துகொண்டு பக்கத்தில் இருந்தாய். ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்று வெகுநாள் கழித்துக் கேட்டேன். "கேட்டா நீ எதையாச்சும் சொல்லியாகணுமேடி. பொய்தான் வரும்" என்றாய்.

அது ஞாபகம் வந்ததிலிருந்து வாயை மூடிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்காருகிறேன். கால் தானாக ஆடுகிறது. நாக்கு நுனியில் ஆயிரம் கேலி நிற்கிறது. மதினி தவணை சொன்ன வெள்ளி வேறு நெருங்குகிறது. நேற்று அவள் என் தட்டிலிருந்து அரை ரொட்டியைப் பிய்த்து எடுத்தாள். ஒரு வார்த்தை பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அடியே. நான்!